ஏரிக்குப் போகும் எரு

பெங்களூர் தன் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறது. ஆனால் அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் தப்பித்து ஏரிகளுக்கும் ஓசூருக்கும் போய்ச் சேருகின்றன. அவை தப்புமா, பிடிபடுமா என்பது சுத்திகரிப்பு நிலையத்தின் முன்வாசலிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில், நல்ல மழைக்குப் பிறகு மதகைத் தூக்கினால் தண்ணீரை முந்திக்கொண்டு நுரை வருகிறது. தென்பெண்ணையின் கரை தெரியாமல், சில நாட்களில் தரைப்பாலமும் தெரியாமல், ஆளுயரத்துக்கு வெள்ளைப் பொதிகள். காற்று அடித்தால் அவை கிளம்பிப் போய் வயல்களில் உட்காருகின்றன. தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது ஏறக்குறைய ஆண்டுதோறும் கிடைக்கும் காட்சி. 'பெங்களூர்க் கழிவுநீர் கலந்ததால்' என்று செய்தி வாசிப்பவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார். அந்தக் கழிவுநீரில் கணிசமான பகுதி சுத்திகரிக்கப்பட்ட பிறகே ஆற்றுக்கு வருகிறது என்பதைச் சொல்ல அவருக்கு நேரமிருப்பதில்லை.

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணைக்குக் கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று பெயர். கோடையில் அதில் ஓடுவதற்குச் சொந்தமாகத் தண்ணீர் கிடையாது. பெங்களூர் கொடுப்பதுதான் ஓடுகிறது. பெங்களூருக்கும் சொந்தமாக ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் நகரம் அது. குடிநீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்ப் செய்யப்பட்டு வரும் காவிரி. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டம் இன்னும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரைச் சேர்த்தது. குளித்து, துவைத்து, கழுவி முடித்த பிறகு அதே நீர் மூன்று பள்ளத்தாக்குகள் வழியே இறங்குகிறது. மேற்கே விருஷபாவதி வழியாகப் போவது அர்க்காவதியில் விழுந்து திரும்பவும் காவிரிக்கே வந்துவிடுகிறது. ஹெப்பால் பள்ளத்தாக்கும், கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கும் கிழக்கே பினாகினிக்குப் போகின்றன. காவிரியையும் பெண்ணையையும் இணைத்தாகிவிட்டது. எந்த நடுவர் மன்றமும் கூடவில்லை. பெங்களூர்வாசிகள் குழாயைத் திறந்ததோடு சரி.

நகரின் கழிவுநீரில் சுமார் 40 சதவீதத்தைச் சுமக்கும் கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் இருக்கிறது பெல்லந்தூர் ஏரி. ஏறத்தாழ 900 ஏக்கர், நகரிலேயே பெரியது. 2015 மே மாதம் இந்த ஏரியின் நுரை தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடியும் புகை. 2018 ஜனவரியில் பிடித்த தீயை அணைக்க ராணுவத்தினர் 5,000 பேர் இறங்க வேண்டியிருந்தது. தண்ணீர் எரிந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும், பெங்களூர் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஏரிச் சீரமைப்புக்கென்று 500 கோடியைத் தனிக்கணக்கில் போடச் சொன்னது. மேற்பார்வைக்கு நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் ஒரு குழு. தமிழர்கள் அதிகம் வாழும் அல்சூரின் ஏரி தீப்பிடிக்கவில்லை. ஆனால் 2016 மார்ச்சில் அங்கே ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நாளில் செத்து மிதந்தன.

சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாமலா? இருக்கின்றன. பெங்களூர் நீர் வழங்கல் கழிவுநீர் வாரியத்திடம் முப்பதுக்கும் மேற்பட்ட நிலையங்கள். நாளொன்றுக்கு 130 கோடி லிட்டருக்கு மேல் கையாளும் திறன். குழாயில் சேராமல் ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்களில் நேராக ஓடிவிடும் கழிவுநீர் தனிக்கதை. அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. எழுதப்படாதது, நிலையத்துக்குள் போய் 'சுத்தமாகி' வெளியே வரும் நீரின் கதை. பார்வைக்குத் தெளிவாக இருக்கும் அந்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெரும்பகுதி அப்படியே கரைந்திருக்கக்கூடும்.

இந்த இரண்டுக்கும் தமிழ் விவசாயிகளிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன: தழைச்சத்து, மணிச்சத்து. ஒன்று தழைய வைப்பது, மற்றது மணி பிடிக்க வைப்பது. ஆங்கிலப் பெயர்களுக்கு இல்லாத விளக்கம் இந்தப் பெயர்களுக்குள்ளேயே இருப்பதால், இனி இவற்றையே வைத்துக்கொள்ளலாம். ஒரு மனிதர் நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் தழைச்சத்தையும், ஒன்றிரண்டு கிராம் மணிச்சத்தையும் கழிக்கிறார். பெங்களூரின் ஜனத்தொகையை ஒரு கோடி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், தினமும் 100 டன் தழைச்சத்து. யூரியாக் கணக்கில் சொன்னால், 45 கிலோ மூட்டைகளாகச் சுமார் 4,800 மூட்டை. மானிய விலையில் யூரியா வாங்க வரிசையில் நிற்கும் நாட்டில், ஒரு நகரம் தினமும் இத்தனை மூட்டையைத் தண்ணீரில் கரைத்து அனுப்புகிறது. மணிச்சத்துக்கு நாம் பெரும்பாலும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறோம் என்பது இன்னொரு வேடிக்கை.

வயலில் பயிரைத் தழைக்க வைப்பது ஏரியில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் தழைக்க வைக்கிறது. பகலில் பாசி பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். செத்து அழுகும்போது மிச்சமிருப்பதும் போய்விடும். விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். 1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி '226' என்று எண் மட்டுமே பெயராகக் கொண்ட ஏரியைப் பிளாஸ்டிக் திரையால் இரண்டாகத் தடுத்தார். ஒரு பாதியில் கார்பனும் தழைச்சத்தும் போட்டார். மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தும் போட்டார். மணிச்சத்து போட்ட பாதி பச்சைக் குழம்பாகியது. மற்றது தெளிவாகவே இருந்தது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் சலவைத் தூள் கம்பெனிகளின் வாதங்களையெல்லாம் விடப் பலமாகப் பேசியது.

சரி, சுத்திகரிப்பு நிலையம் ஏன் இந்தச் சத்துக்களை விட்டுவிடுகிறது? அதை அந்த வேலைக்காகக் கட்டவில்லை என்பதுதான் நேரான பதில்.

ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்று உலகெங்கும் வழங்கும் முறையை 1914 ஏப்ரலில் மான்செஸ்டரில் அறிவித்தவர்கள் எட்வர்ட் ஆர்டனும் வில்லியம் லாக்கெட்டும். தமிழில் 'செயலூக்கிய கசடு' என்று சொல்லிப் பார்க்கலாம். கழிவுநீரில் காற்றை ஊதினால் பாக்டீரியாக்கள் பெருகி அழுக்கைத் தின்னும். தின்று கொழுத்த பாக்டீரியாக் கசட்டை எறிந்துவிடாமல் புதிய கழிவுநீரோடு மறுபடி சேர்த்தால் வேலை மடங்கு மடங்காக வேகமாகும். இவ்வளவுதான் தத்துவம். இவர்களை இந்தச் சோதனைக்குத் தூண்டியவர் கில்பர்ட் ஃபௌலர் என்ற வேதியியலாளர். 1912இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் போயிருந்தபோது காற்றூதும் சோதனைகளைப் பார்த்துவிட்டு வந்து இவர்களிடம் சொன்னார். அந்த ஃபௌலர் அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம்தான் சுவாரஸ்யமானது: பெங்களூர். 1916இல் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். அங்கே 1921இல் தொடங்கிய உயிர்வேதியியல் துறைக்கு முதல் தலைவரும் அவரே. உலகக் கழிவுநீர்த் தொழில்நுட்பத்தின் மூலபுருஷர்களில் ஒருவர் குடியிருந்த ஊரின் ஏரி, நூறாண்டு கழித்துத் தீப்பிடித்தது.

ஃபௌலர் காலத்துக் கவலை நாற்றமும் நோயும். அழுகும் பொருளை, அதாவது கார்பனை, எரித்துத் தீர்ப்பதே குறி. 'பி.ஓ.டி.' என்ற மூன்றெழுத்து இந்த அழுக்கின் அளவுகோல்; எவ்வளவு பிராணவாயுவை இழுக்கும் என்று சொல்வது. அது 250லிருந்து 20க்கு இறங்கினால் பொறியாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். தழைச்சத்து அந்த அளவுகோலில் நேராகத் தெரிவதில்லை. மணிச்சத்து தெரிவதே இல்லை.

தழைச்சத்தை வெளியேற்ற இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் அடுத்தடுத்து வேலை செய்ய வேண்டும். முதல் வகை, காற்றுள்ள தொட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டாம் வகை, காற்றில்லாத தொட்டியில் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைச் சுவாசித்துவிட்டு நைட்ரஜனை வாயுவாக வானத்துக்கு அனுப்பிவிடும். அந்த இரண்டாம் வகைக்குச் சாப்பாடு வேண்டும். சாப்பாடு என்பது கார்பன். மணிச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் இன்னும் நாக்கு நீண்டவை. காற்றில்லாத தொட்டியில் வினிகரைப் போன்ற எளிய அமிலங்களைக் கொடுத்தால்தான், பிறகு காற்றுள்ள தொட்டியில் மணிச்சத்தை வழக்கத்துக்கு மேல் விழுங்கும். தென்னாப்பிரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் இதையெல்லாம் ஒரே வரிசைத் தொட்டிகளில் நடத்திக் காட்டியவர் ஜேம்ஸ் பர்னார்ட் என்ற பொறியாளர். 2011இல் சிங்கப்பூர் அவருக்கு லீ குவான் யூ தண்ணீர்ப் பரிசு கொடுத்தது.

இங்கேதான் முன்வாசல் முக்கியமாகிறது. கழிவுநீர் பாக்டீரியாக்களைச் சந்திப்பதற்கு முன் அதற்குச் சில முதற்கட்டச் சடங்குகள் உண்டு. சல்லடைக் கம்பிகள் துணி, பிளாஸ்டிக் முதலியவற்றைப் பிடிக்கும். மணல் தொட்டி மணலை இறக்கும். (மழைநீரும் சாக்கடையும் கலந்து ஓடும் நம் ஊர்களில் இந்த மணலே ஒரு பெரும் தொல்லை. சரியாக இறக்காவிட்டால் காற்றூதும் தொட்டியின் அடியில் போய்ப் படிந்து, தொட்டியின் கொள்ளளவைத் தின்றுவிடும். பாக்டீரியாக்கள் வேலை செய்யும் நேரம் குறைந்துவிடும்.) பெரிய நிலையங்களில் அடுத்தது முதல்நிலைப் படிவுத் தொட்டி. ஓரிரண்டு மணி நேரம் நீர் சும்மா நிற்கும். கனமானவை கீழே இறங்கும். செலவில்லாமல் பி.ஓ.டி.யில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காற்றூத வேண்டிய மின்செலவு மிச்சம். கீழே இறங்கிய கசட்டை மூடிய கலனில் அழுக வைத்தால் மீத்தேன், அதிலிருந்து மின்சாரம். பொறியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் கரைந்த நிலையில் இருப்பவை. படிவுத் தொட்டியில் அவற்றில் பத்தில் ஒரு பங்குகூடச் சிரமப்பட்டுத்தான் இறங்கும். ஒரு உதாரணக் கணக்கு: உள்ளே வரும் நீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் பி.ஓ.டி.யும் 45 மில்லிகிராம் தழைச்சத்தும் இருப்பதாக வைப்போம். ஒன்றுக்கு ஐந்தரை. படிவுத் தொட்டியைத் தாண்டியதும் பி.ஓ.டி. 160 ஆகிவிடுகிறது, தழைச்சத்து 40. ஒன்றுக்கு நான்கு. நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லப்படும் அளவே கிட்டத்தட்ட அதுதான். அதிலும் ஒரு பகுதி காற்றுத் தொட்டியில் எரிந்து வீணாகும். பந்தி பரிமாறுவதற்கு முன்பே சோற்றுக் குண்டானை யாரோ எடுத்துப்போன மாதிரி.

படிகாரம் அல்லது இரும்புக் குளோரைடைக் கலந்து படிய வைப்பது இன்னொரு முறை. மணிச்சத்துக்கு இது கைகண்ட மருந்து. கரைந்திருப்பதை உப்பாகத் திரட்டிக் கீழே தள்ளிவிடும். 70 முதல் 90 சதவீதம் வரை பிடிபடும். ஆனால் பி.ஓ.டி.யில் பாதிக்கு மேல் அதோடு போய்விடும். அதாவது மணிச்சத்தைப் பிடித்த கை தழைச்சத்தைத் தப்பவிடும். அளவுக்கு மீறிப் போட்டால் பாக்டீரியாக்கள் வளரத் தேவையான மணிச்சத்துகூட மிஞ்சாது. கசடும் மலைபோலக் குவியும். அதைக் கொட்ட இடம் தேடும் வேலை தனி.

பெங்களூரில் இதற்கெல்லாம் நல்ல பாடசாலை ஜக்கூர். வடக்குப் பகுதியில், 160 ஏக்கர் ஏரியின் தலைமாட்டில் இருக்கும் நிலையம். அங்கே கழிவுநீர் முதலில் சந்திப்பது 'யு.ஏ.எஸ்.பி.' என்ற தொட்டியை. காற்றே ஊதாமல், கீழிருந்து மேலாகக் கசட்டுப் படுகையின் ஊடே நீரைச் செலுத்தும் முறை. இந்தியாவில் கங்கைத் திட்டத்தின்போது 1989இல் கான்பூரில் அறிமுகமானது. மின்சாரம் அதிகம் வேண்டாம் என்பதால் வெப்ப நாடுகளுக்கென்றே பிறந்தது என்று கொண்டாடப்பட்டது. கார்பனில் பெரும்பகுதி அதில் மீத்தேனாகிவிடுகிறது. அம்மோனியா? அப்படியே வெளியே வருகிறது. கரிமப் பொருளில் கட்டுண்டிருந்ததும் பிரிந்து வருவதால், கரைந்த அம்மோனியா கூடுவதும் உண்டு. பின்னால் காற்றூதி அதை நைட்ரேட்டாக்கலாம். ஆனால் நைட்ரேட்டை வாயுவாக்கச் சாப்பாடு மிச்சமில்லை.

ஜக்கூரில் அந்த மிச்சத்தைச் சதுப்பும் சம்புக் கோரையும் பாசியும் வாங்கிக்கொள்கின்றன. ஏரிக்கு முன்னால் ஒரு சதுப்பு நிலம் அமைக்கப்பட்டது. நிலையம், சதுப்பு, ஏரி என்ற இந்த வரிசையை இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழுவினர் அளந்து ஆராய்ந்து, மற்ற ஏரிகளுக்கும் மாதிரியாகப் பரிந்துரைத்தனர். நல்ல மாதிரிதான். ஆனால் கோரையை அறுத்து அப்புறப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அறுக்காமல் விட்டால் அது அங்கேயே அழுகி, வாங்கிய சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கட்டுவதற்கு ஒதுக்கப்படும் பணம் அறுப்பதற்கு ஒதுக்கப்படுவதில்லை என்பது நாடறிந்த வழக்கம்.

படிவுத் தொட்டியே இல்லாமல், வந்த நீரை அப்படியே நீண்ட நேரம் காற்றூதும் நிலையங்களும் நகரில் உண்டு. இவற்றில் கார்பன் முன்வாசலில் தொலைவதில்லை. ஆனால் எந்நேரமும் காற்றை ஊதிக்கொண்டிருந்தால் அது உள்ளே எரிந்து தீர்ந்துவிடும். காற்றில்லாத பகுதி ஒன்றைத் தொட்டியின் முகப்பில் ஒதுக்கி, பின்னாலிருந்து நைட்ரேட் நீரைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் பர்னார்டின் வித்தை நடக்கும்.

யாரும் திட்டமிடாத முன்சுத்திகரிப்பு ஒன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 2007இல் 110 கிராமங்களைச் சேர்த்துக்கொண்டு பெங்களூர் ஒரேயடியாக வீங்கியது. பாதாளச் சாக்கடை அங்கெல்லாம் மெதுவாகத்தான் வந்தது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். பல நாட்கள் அங்கே ஊறும் கழிவில் கார்பன் அழுகித் தீர்ந்து, அம்மோனியா மட்டும் செழிப்பாக வெளியேறுகிறது. ராஜகாலுவேயில் பல கிலோமீட்டர் திறந்து ஓடிவரும் சாக்கடையிலும் கொஞ்சம் இதே கதை. மழை பெய்தால் நீர்த்துப்போன கழிவு. ஆக, வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தின் எண்களை வைத்து வடிவமைத்த நிலையத்துக்கு உள்ளூர்ச் சாக்கடை கொடுக்கும் விருந்து வேறாக இருக்கிறது. வாசலில் என்ன வருகிறது என்று மாதக்கணக்கில் அளந்து பார்க்காமல் தொட்டி கட்டினால், தொட்டி மட்டும் மிஞ்சும்.

வழியில்லாமல் இல்லை. கனடாவின் கெலோனா நகரம் ஒகனாகன் ஏரியைக் காப்பாற்ற 1980களில் பர்னார்ட் முறையைக் கொண்டுவந்தது. அங்கே படிவுத் தொட்டியில் இறங்கிய கசட்டை எறியாமல் சில நாள் புளிக்க வைத்து, அதில் ஊறும் அமிலங்களைத் திரும்பப் பாக்டீரியாக்களுக்கு ஊட்டினார்கள். முன்வாசலில் எடுத்ததைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. தோசை மாவு புளிக்கும் விஷயம் தெரிந்த ஊருக்கு இது புரியாத தத்துவமல்ல. நம் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் புளிக்கும். படிவுத் தொட்டியின் ஒரு பகுதி நீரைத் தாண்டவிட்டு, நேராக உள்ளே அனுப்புவது அதைவிட எளிது. ஆனால் அப்படிச் செய்தால் மீத்தேன் குறையும். காற்றூதும் மின்கட்டணம் ஏறும். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று யாராவது கேட்டால்தானே நிலையம் இந்தச் செலவை ஏற்கும்?

யாரும் கேட்கவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கம். 2015இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில் பி.ஓ.டி.க்கு 10, மொத்த நைட்ரஜனுக்கு 10 என்று கறாரான வரம்புகள் இருந்தன. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. 20 ஆகத் தளர்ந்தது; நைட்ரஜன் வரி காணாமல் போயிருந்தது. பாஸ்பரஸுக்கும் வரம்பில்லை. பெல்லந்தூர் எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. 2019 ஏப்ரல் 30 அன்று பசுமைத் தீர்ப்பாயம் இந்தத் தளர்வை ஏற்க மறுத்தது. பெருநகரங்களுக்கு நைட்ரஜன் 10, ஏரி குளங்களில் விடும் நீரில் பாஸ்பரஸ் 1 என்று உத்தரவிட்டது. பாஸ்பரஸ் 1 என்பது, முன்வாசலைப் பற்றி யோசிக்காத எந்த நிலையமும் தற்செயலாக எட்டிவிடக் கூடிய எண் அல்ல.

வீடுகளிலிருந்தே சுத்திகரிப்பைத் தொடங்கலாம் என்போர் உண்டு. ஐரோப்பிய யூனியன் 2013 ஜூன் முதல் வீட்டுச் சலவைத் தூளில் பாஸ்பரஸுக்கு வரம்பு விதித்தது. சுவிட்சர்லாந்து 1986லேயே தடை செய்தது. தில்லி 2021இல், இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்படாத சோப்பு, சலவைத் தூள் விற்பனைக்குத் தடை போட்டது. யமுனையின் நுரை அதற்குப் பிறகும் சத் பூஜைக்குத் தவறாமல் வந்தது. சலவைத் தூளைத் திருத்தினாலும் மனிதர் கழிக்கும் மணிச்சத்தைத் திருத்த முடியாது.

இந்தக் கணக்கின் சூடு இன்று அதிகம் படுவது ஓசூரைக் காட்டிலும் கோலாரில். மழை பொய்த்து, ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டியும் வறண்ட மாவட்டம். 2018 ஜூனில் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் அங்கே குழாய் வழியே போகத் தொடங்கியது. திட்டமிட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். நிரப்ப நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் நுரை. ஆஞ்சநேய ரெட்டி தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, பிறகு அனுமதித்தது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தடை விதித்து, சில மாதங்களில் விலக்கிக்கொண்டது. தண்ணீர் தொடர்ந்து போனது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஏரிகள் நிறைந்தன. கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. தரிசாகக் கிடந்த நிலத்தில் தக்காளி போட்டவர்களுக்கு அந்த நீரில் இருக்கும் தழைச்சத்து உரச்செலவில் மிச்சம்.

அதே நீர்தான் மண்ணுக்குள் இறங்கி, கிராமத்துக் குடிநீர்க் குழாயிலும் வருகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாம் நிலையும் செய்து அனுப்பு என்பது கோலார்க்காரர்களின் கோரிக்கை. அந்த மூன்றாம் நிலை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு செலவில் இருக்க வேண்டும் என்பதைப் பெல்லந்தூர்க் கரையில் முதல் தொட்டியில் எடுத்த, எடுக்காத கார்பன்தான் சொல்ல வேண்டும்.